நடுக்கத்தைக் கொண்டு அளத்தல்

இருட்டறையில் நுண்ணோக்கியின் திரைக்கு முன்னால் உட்கார்ந்த முதல் வாரத்தில் எனக்கு அதிகமாக எரிச்சல் மூட்டியது அந்த மணியின் நடுக்கம்தான். மணி என்று நாங்கள் சொல்வது பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன, அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையை. ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். தண்ணீரில் மிதக்கும் அந்த உருண்டை ஒரு கணமும் ஓய்வதில்லை. மேசையின் அதிர்வாக இருக்குமோ என்று மேசைக் கால்களைச் சோதித்தேன். ஏசியின் காற்றாக இருக்குமோ என்று அதை அணைத்துவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்தேன். எதை நிறுத்தியும் மணி நின்றபாடில்லை. அது நிற்காது என்பதைப் பாடத்தில் படித்துத் தேர்வு எழுதித் தேறியவன்தான் நான். இருந்தாலும், படித்தது கண்ணெதிரே ஆடும்போது அதைக் கருவியின் கோளாறாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

1827இல் ராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்கள் தண்ணீரில் இப்படி ஆடுவதைக் கண்டார். உயிருள்ளவை என்பதால் ஆடுகின்றனவோ என்ற ஐயத்தில் கல்லைப் பொடித்துப் போட்டுப் பார்த்தார். அந்தப் பொடியும் ஆடியது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஓயாமல் மோதுவதே இதற்குக் காரணம் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்ட, 1908இல் தொடங்கி ழான் பெரென் அந்தக் கணக்கை நுண்ணோக்கியின் வழியே அளந்து உறுதிசெய்தார். அணுக்கள் என்பவை வெறும் கற்பனை என்று அதுவரை சொல்லிவந்தவர்களில் பலர் அதன் பிறகுதான் வாயை மூடினார்கள். எங்கள் மணிக்கு அதே கணக்கைப் போட்டால், தடையில்லாமல் விட்டுவிட்ட ஒரு விநாடியில் அது ஒரு திசையில் சராசரியாக ஒன்றரை மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, அதாவது தன் விட்டத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவு விலகிப்போயிருக்கும்.

இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது, உயிர் மூலக்கூறுகளின் இயக்கத்தை அளக்க முனைபவர்களுக்கு இந்த நடுக்கம் ஒரே நேரத்தில் தொல்லையாகவும் அளவுகோலாகவும் இருப்பதைப் பற்றி. தொல்லை என்பது எல்லோருக்கும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அளவுகோல் என்பது எனக்கு ஒரு தவறைச் செய்த பிறகே உறைத்தது.

மூலக்கூறுகளைக் கூட்டமாக வைத்து அளக்கும் முறைகள் பழையவை, இன்றும் பயன்படுபவை. பெரென் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற அதே 1926ஆம் ஆண்டில் வேதியியலுக்கான பரிசைப் பெற்ற ஸ்வெட்பெரி, மிக வேகமாகச் சுழலும் மையவிலக்குக் கருவியில் புரதக் கரைசலை வைத்து, புரதம் படிந்து இறங்கும் வேகத்திலிருந்து அதன் நிறையைக் கணக்கிட்டார். 1970களில் வந்த இன்னொரு முறையில், செல்லின் சவ்வில் ஒளிரும் சாயம் ஏற்றிய மூலக்கூறுகளில் ஒரு வட்டத்தை மட்டும் லேசரால் வெளிறச் செய்துவிட்டு, சுற்றிலும் உள்ள வெளிறாத மூலக்கூறுகள் நகர்ந்து வந்து அந்த இருட்டு வட்டத்தை எவ்வளவு நேரத்தில் நிரப்புகின்றன என்று பார்ப்பார்கள். இவை நம்பகமான முறைகள்தான்; ஆனால் தேர் நகரும் வேகத்தைப் பார்த்து, வடம் பிடிக்கும் ஒருவருடைய காலடியின் நீளத்தைச் சொல்லிவிட முடியாது. எக்ஸ் கதிர் படிகவியலின் நிலை வேறு. அது அணுக்கள் எங்கே உள்ளன என்பதைத் துல்லியமாகக் காட்டும், ஆனால் அசையாத படமாகக் காட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் முறுக இடமுண்டு, எவற்றில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்லிவிட்டது. எது முடியும் என்பதற்கு அதைவிடச் சிக்கனமான விடை இன்றுவரை இல்லை என்பது என் எண்ணம். எது எப்போது, எவ்வளவு விசையோடு நிகழ்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு ஒற்றை மூலக்கூறைப் பிடித்தாக வேண்டும்.

பிடிப்பதற்கு உதவியது ஒளி. ஒளிக்கு உந்தம் உண்டு. ஒரு கண்ணாடி மணியின் வழியே செல்லும் கதிர் வளையும்போது அந்த உந்தத்தின் திசை மாறுகிறது, அதற்கு ஈடாக மணி எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. லேசரை நுண்ணோக்கியின் வில்லையால் மிகக் கூர்மையாகக் குவித்தால் இந்தத் தள்ளல்கள் எல்லாம் சேர்ந்து, மணியை வெளிச்சம் மிக அதிகமாக உள்ள இடத்துக்கு அருகிலேயே இழுத்து வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில் ஆர்தர் ஆஷ்கின் 1970இல் எதிரெதிராக வரும் இரு கற்றைகளைக் கொண்டும், 1986இல் தம் கூட்டாளிகளுடன் ஒரே கற்றையைக் கொண்டும் இதைச் செய்துகாட்டினார். 1987இல் பாக்டீரியாவைப் பிடித்தபோது பச்சை லேசர் அவற்றைக் கொன்றுவிட்டது. அகச்சிவப்பு லேசருக்கு மாறியதும் அவை பிழைத்ததோடு பொறிக்குள் இருந்தபடியே பெருகவும் செய்தன. இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரே பயன்படுகிறது. ஆஷ்கினுக்கு நோபல் பரிசு வந்தது 2018இல், அவருடைய 96ஆம் வயதில். ஆங்கிலத்தில் இதை இடுக்கி என்கிறார்கள். எனக்கு எலிப்பொறி என்பதைப் போல ஒளிப்பொறி என்று சொல்வதே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் இடுக்கியைப் போல அது கெட்டியாகக் கவ்விப் பிடிப்பதில்லை. சுருள்வில்லில் கட்டிய பொருளைப் போல மணி நடுவிலிருந்து விலக விலக, விலகலுக்கு ஏற்ற விசையோடு பின்னிழுக்கப்படும். அந்த வில் எவ்வளவு விறைப்பானது என்று தெரிந்துவிட்டால், மணி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பார்த்தே அதை இழுப்பவரின் விசையைச் சொல்லிவிடலாம்.

எங்கள் மணியை இழுத்தவர் கைனசின் என்னும் புரதம். 1985இல் ரொனால்டு வேலும் அவருடைய கூட்டாளிகளும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையிலிருந்து பிரித்தெடுத்து அடையாளம் கண்ட இது, செல்லுக்குள் சரக்குகளைச் சுமந்துசெல்லும் ஒரு மூலக்கூறு. இப்படியொன்று ஏன் தேவை என்பதற்கு நரம்பு செல்லே சான்று. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் நரம்பிழையின் ஒரு முனையில் உருவாகும் புரதம், வெறும் வெப்ப நடுக்கத்தால் அலைந்தே மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கைனசின் ஆய்வகத்தில் நடக்கும் வேகத்தில், அதாவது விநாடிக்கு 0.8 மைக்ரோமீட்டரில் நடந்தால், அதே தொலைவு பதினைந்து நாள். உடலுக்குள் இன்னும் வேகமாகவே சரக்குகள் போகின்றன. அது நடக்கும் பாதை நுண்குழல். 25 நானோமீட்டர் தடிமனுள்ள அந்தக் குழல், 8 நானோமீட்டர் நீளமுள்ள டியூபியூலின் என்னும் செங்கற்களால் கட்டப்பட்டது. நடப்பதற்கான எரிபொருள் ஏடிபி.

ஆய்வுக்கான சிறு அறையைக் கட்டுவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரண்டு கீற்று இருபக்க ஒட்டுநாடாவை இணையாக ஒட்டி, அதன் மேல் மெல்லிய மூடுகண்ணாடியை அழுத்தினால், நடுவில் சில மைக்ரோலிட்டர் கரைசல் பிடிக்கும் கால்வாய் கிடைத்துவிடும். முதலில் நுண்குழல்களை உள்ளே விட்டு, அவை கண்ணாடியில் ஒட்டியதும் மீதமுள்ள பரப்பைப் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் புரதத்தால் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் கைனசினும் மணியும் கண்ணாடியிலேயே அப்பிக்கொள்ளும். கடைசியில் இரு முனைகளையும் கடையில் வாங்கிய நகப்பூச்சால் அடைப்போம். பல இலட்சம் ரூபாய் லேசருக்குக் கீழே இந்த ஒட்டுநாடாவும் நகப்பூச்சும் இருப்பதைப் பார்க்க வருபவர்கள் நம்புவதில்லை.

மணியில் ஒரே ஒரு கைனசின்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பது யாரும் கேட்க வேண்டிய கேள்வி. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கைனசினை மேலும் மேலும் நீர்க்கச் செய்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் பெரும்பாலான மணிகள் நுண்குழலில் கொண்டுபோய் வைத்தாலும் நகராமல் கிடக்கும். நூற்றுக்கு முப்பது மணிகள் மட்டும் நகரும் நிலையில், வாய்ப்பியல் கணக்குப்படி நகர்பவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேல் ஒற்றைக் கைனசின் கொண்டவை. ஆகவே நல்ல பரிசோதனை என்பது பெரும்பாலும் ஒன்றும் நடக்காத பரிசோதனை. மணிகள் எல்லாம் ஓடுகின்றன என்று மகிழ்பவர், ஒரு கூட்டத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்.

இனி அந்த வில்லின் விறைப்புக்கு வருகிறேன். மீட்டர் அளவிலான வில்லில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். இங்கே தொங்கவிடுவதற்கு ஏற்ற கல் இல்லை. ஒரு பைக்கோநியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு சிவப்பணுவின் எடை, நாங்கள் அளக்கும் விசைகள் அதைப் போலச் சில மடங்கு மட்டுமே. ஆனால் அந்த அறைக்குள் மணியை இடைவிடாமல் உதைத்துக்கொண்டிருக்கும், அளவு துல்லியமாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது, அது வெப்பம். அறை வெப்பநிலையில் அதன் அடிப்படை அளவு 4.1 பைக்கோநியூட்டன் நானோமீட்டர். இந்த எண்ணை மணி நடுவிலிருந்து விலகும் தொலைவின் வர்க்கத்தினுடைய சராசரியால் வகுத்தால் விறைப்பு கிடைத்துவிடும். மணி சராசரியாக 9 நானோமீட்டர் ஆடினால், 4.1ஐ 81ஆல் வகுக்க, நானோமீட்டருக்கு 0.05 பைக்கோநியூட்டன். லேசரின் திறனோ, வில்லையின் தரமோ, மணியின் அளவோகூட இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. வெப்பநிலைமானி இருந்தால் போதும். முதல் வாரத்தில் நான் அணைத்துவிடப் பார்த்த அதே நடுக்கம்தான் கருவியை அளவீடு செய்து தருகிறது.

இதில்தான் நான் சறுக்கினேன். நகர்வை உணரும் ஒளி உணரி பழுதாகியிருந்த ஒரு மாதத்தில், வீடியோ கேமராவில் மணியைப் படமெடுத்து விறைப்பைக் கணக்கிட்டேன். மணி 5 நானோமீட்டரைச் சற்றே மிஞ்சும் அளவுக்குத்தான் ஆடியது. ஆகவே விறைப்பு 0.15 என்று வந்தது. அந்த எண்ணை வைத்துக் கைனசின் இழுக்கும் உச்ச விசையைக் கணக்கிட்டால் 18 பைக்கோநியூட்டன். உலகம் முழுவதும் 6, 7 என்று அளந்திருக்க, எனக்கு மட்டும் மும்மடங்கு பலம் கொண்ட கைனசின் கிடைத்திருக்கிறது என்று இரண்டு நாள் உள்ளூர மகிழ்ச்சியோடு திரிந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அம்மையாரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் விசையைப் பார்க்கவே இல்லை.

“கேமராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது?”

“0.4 மில்லிவிநாடி, மேடம்.”

“மணி எவ்வளவு நேரத்தில் நடுவுக்குத் திரும்பும்?”

நான் தாளை எடுத்துக் கணக்கிட்டேன். தண்ணீரின் பாகுத்தன்மை தரும் இழுவையை விறைப்பால் வகுத்தால், 0.05 விறைப்புள்ள பொறியில் மணி நடுவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் 0.08 மில்லிவிநாடி. என் ஷட்டர் ஒருமுறை திறந்து மூடுவதற்குள் மணி பலமுறை போய்த் திரும்பியிருந்தது. நான் அளந்ததெல்லாம் அந்தப் போக்குவரத்தின் மங்கிய சராசரியை. நடுக்கம் குறைவாகத் தெரிந்ததால் வில் விறைப்பாகத் தெரிந்தது. வில் விறைப்பாகத் தெரிந்ததால் கைனசின் பலசாலியாகத் தெரிந்தது. திருத்திக் கணக்கிட்டதும் 6 பைக்கோநியூட்டன் வந்தது. அவர் அதற்குள் தம் மேசைக்குத் திரும்பியிருந்தார். அன்றுமுதல் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முடிவுகளுக்கு முன்னால் அளவீடு செய்த பத்தியைத் தேடிப் படிக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டது.

கூர்ந்து படிப்பவருக்கு இந்நேரம் ஓர் ஐயம் எழுந்திருக்க வேண்டும். மணி 9 நானோமீட்டர் ஆடுகிறது. கைனசினின் ஓர் அடி டியூபியூலின் செங்கல்லின் அளவே, அதாவது 8 நானோமீட்டர்தான். ஆட்டத்தைவிடச் சிறிய அடியை எப்படிப் பார்ப்பது? 1993இல் ஸ்டீவன் பிளாக்கின் குழுவில் கரேல் ஸ்வோபோதாவும் மற்றவர்களும் இந்த அடிகளை முதன்முதலில் பதிவுசெய்தபோது இரண்டு செய்திகள் அவர்களுக்குக் கைகொடுத்தன. முதலாவது, மணி விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஆடி மீள்கிறது. கைனசினோ வயிறாரத் தின்னும்போதும் விநாடிக்கு நூறு அடிதான் வைக்கிறது, ஏடிபியைக் குறைத்துப் பட்டினி போட்டால் இன்னும் நிதானமாக நடக்கும். ஆகவே ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான காலத்துக்குச் சராசரி எடுத்தால் நடுக்கம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு அடங்கிவிடுகிறது. இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தமானது. கைனசின் மணியை நடுவிலிருந்து இழுத்துக்கொண்டு போகப் போக, இரண்டையும் இணைக்கும் தளர்ந்த கயிறு போன்ற பகுதி விறைக்கிறது; அப்போது ஒளிப்பொறியின் வில்லும் கயிற்றின் விறைப்பும் சேர்ந்து மணியைப் பிடித்துக்கொள்வதால் நடுக்கமே குறைகிறது. மேல் நோக்கி ஏறும் பதிவுக் கோட்டில், தொடக்கத்தில் அடர்ந்த மயிர் போலிருக்கும் பட்டை உயரப் போகப் போக மெலிந்து, படிக்கட்டுகள் தாமாகவே தெரியவரும். திரையில் அதை முதன்முதலில் பார்த்த இரவில் நான் மூன்று தரம் படிகளை எண்ணினேன்.

பொறியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 120 நானோமீட்டர் தொலைவில் கைனசின் திணறி நிற்கிறது. 6 பைக்கோநியூட்டன் எதிர்விசையில் 8 நானோமீட்டர் அடி வைப்பது என்றால் 48 பைக்கோநியூட்டன் நானோமீட்டர் வேலை. ஒரு ஏடிபி மூலக்கூறு செல்லுக்குள் உள்ள நிலையில் தரும் ஆற்றல் 80 முதல் 100. ஓர் அடிக்கு ஒரு ஏடிபி என்பது 1997இல் உறுதியாகிவிட்டதால், இந்தச் சிறு எந்திரம் கிடைத்த ஆற்றலில் பாதியை வேலையாக மாற்றுகிறது என்று சொல்லலாம். அந்த 80ஐயும் 4.1ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள்: சுற்றியுள்ள வெப்பத்தின் அடிப்படை அளவைவிட எரிபொருளின் ஆற்றல் இருபது மடங்குதான் பெரிது. நம் வண்டி எந்திரங்களுக்குச் சாலைத் தூசி ஒரு பொருட்டே அல்ல. கைனசினோ ஆலங்கட்டி மழையில் நடக்கிறது. அதன் தூக்கிய கால் அடுத்த செங்கல்லைத் தேடிச் சேர்வதும் பெரும்பாலும் அந்த மழையில் அலைக்கழிக்கப்பட்டுத்தான். (நடக்கும் பகுதிக்குத் தலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலையால் நடக்கிறது என்று எழுத எனக்குக் கை வராததால் கால் என்றே எழுதுகிறேன்.)

கால்கள் எப்படி மாறுகின்றன என்பதை மணியைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியவில்லை. இரண்டு கால்களும் மாறி மாறி முந்துகின்றனவா, அல்லது ஒரு கால் எப்போதும் முன்னே இருக்க மற்றது இழுபட்டு வந்து சேர்கிறதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. அகமது யில்டிஸும் கூட்டாளிகளும் 2004இல் ஒரு காலில் மட்டும் சாயத்தை ஒட்டி விடை கண்டார்கள். நுண்ணோக்கியில் ஒற்றைச் சாய மூலக்கூறு 250 நானோமீட்டர் அகலமுள்ள மங்கலான பொட்டாகத்தான் தெரியும். ஆனால் பத்தாயிரம் ஒளித்துகள்களைச் சேர்த்தால் அந்தப் பொட்டின் நடுவை ஒன்றிரண்டு நானோமீட்டருக்குள் குறிக்கலாம். உடல் 8 நானோமீட்டர் நகரும்போது சாயம் ஏறிய கால் ஒருமுறை 16க்கும் மேல் தாவி, அடுத்த முறை அசையாமல் நின்றது. நாம் நடப்பதைப் போல மாறி மாறித்தான்.

இவையெல்லாம் கண்ணாடித் தகட்டின் மேல். உயிருள்ள செல்லுக்குள் அதே மணியைக் கொண்டுபோனால் என் அளவுகோல் உடைந்துவிடுகிறது. அங்கே மணியை உதைப்பது வெப்பம் மட்டுமன்று. பக்கத்தில் போகும் கைனசின்களும், இழுத்துக்கொண்டிருக்கும் மயோசின் என்னும் வேறு வகை இயக்கப் புரதங்களும், ஏடிபியைச் செலவிடும் இன்னும் பலவும் சேர்ந்து உதைக்கின்றன. 4.1 என்று போட்டு வகுத்தால் வருவது பொய்யான விறைப்பு. இதற்கு ஒரு வழி, ஆடுவதைப் பார்ப்பதோடு நிற்காமல், அறிந்த விசையோடு மெல்லத் தள்ளி, தள்ளலுக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதையும் அளப்பது. வெப்பம் மட்டுமே காரணமாக இருந்தால் இவ்விரண்டும் ஒரே சமன்பாட்டில் பொருந்திவிடும். 2001இல் மார்ட்டின், ஹட்ஸ்பெத், யூலிஷர் ஆகிய மூவரும் தவளையின் உள்காதில் ஒலியையும் அதிர்வையும் உணரும் நுண்மயிர்க் கற்றையை மெல்லிய கண்ணாடி இழையால் தள்ளிப் பார்த்தபோது அவை பொருந்தவில்லை. கற்றை தானாக ஆடும் அதிர்வெண்ணுக்கு அருகில் அதன் ஆட்டம், வெப்பம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் எவ்வளவு இருக்குமோ அதைவிட மிகுதியாக இருந்தது. அந்த மிகுதி, செல் தன் ஆற்றலைச் செலவிட்டு ஆட்டிய பங்கு.

இப்போது செல்லுக்குள் ஒரு மணியைப் பிடித்தால் நான் இரண்டு கோப்புகளாகச் சேமிக்கிறேன்: தொடாமல் விட்டபோது அது ஆடியது ஒன்று, லேசரை அசைத்துத் தள்ளியபோது அது பணிந்தது மற்றொன்று. ஷட்டர் நேரத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்.